ப்ரோவான்ஸ் தியானும் பேசில் எண்ணெயும்: எங்கே சொதப்புகிறது, எப்படிச் சரிசெய்வது

தெற்கு பிரான்ஸின் ப்ரோவான்ஸ் பகுதியில் அகன்ற மண் பாத்திரம் ஒன்றுக்குத் தியான் என்று பெயர். அதில் வேகிற காய்க்கும் அதே பெயர்தான். கத்திரிக்காய், சுக்கினி (வெள்ளரி போல நீண்ட ஒரு பூசணி வகை), தக்காளி மூன்றையும் வட்டமாக நறுக்கி, வதக்கிய வெங்காயத்தின் மேல் நெருக்கி அடுக்கி, ஆலிவ் எண்ணெயும் தைம் என்ற வாசனை இலையும் சேர்த்து ஓவனில் நிதானமாக வேகவைப்பார்கள். இதையே ரட்டட்டூயி என்றும் பலர் சொல்கிறார்கள். ஆனால் நீஸ் நகரத்து ரட்டட்டூயி அடுப்பில், சட்டியில் ஆகிற சமையல். மெல்லிய வட்டங்களாக அடுக்குகிற பாணி, மிஷேல் கெரார் என்ற பிரெஞ்சு சமையல் கலைஞர் 1976-ல் வெளியிட்ட ஒரு செய்முறையின் வழியாக வந்து அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

படத்தில் பார்த்தால் குழந்தைகூடச் செய்துவிடும் போலிருக்கும். செய்தால் ஒரு தடவை குழம்பாகிறது, இன்னொரு தடவை வற்றலாகிறது. பெரும்பாலானவர்கள் ஓவனைத்தான் திட்டுகிறார்கள். என் கணக்கில் பத்தில் எட்டுப் பழி தண்ணீருக்குத்தான் போகவேண்டும். சுக்கினியின் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர், தக்காளியும் அதற்குக் கிட்டத்தட்டச் சமம், கத்திரிக்காயில் 92. ஒன்றேகால் கிலோ காயை அடுக்கினால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைத்தான் அடுக்கியிருக்கிறீர்கள். அது காய் வெந்த பிறகு வெளியேற வேண்டும். முன்னால் போனால் தோல், போகாமலே நின்றால் கஞ்சி. பரிமாறும்போது மேலே ஊற்றுவது பேசில் எண்ணெய், அதாவது துளசிக்கு உறவான பேசில் இலையை எண்ணெயில் அரைத்து வடித்தது. அது கெடுவதிலும் பாதி தண்ணீரின் வேலைதான்.

கீழே இருப்பவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒப்பிட்டுப் பார்க்க, நான் பின்பற்றும் அளவு இது: கத்திரிக்காய் 350 கிராம், சுக்கினி 400 கிராம், தக்காளி 500 கிராம், வெங்காயம் இரண்டு பெரியது, பூண்டு மூன்று பல், ஆலிவ் எண்ணெய் 5 டேபிள்ஸ்பூன், தைம் நாலைந்து கிளை. வட்டங்கள் 4 மில்லிமீட்டர் தடிமன். 180 டிகிரி ஓவனில் மூடி 40 நிமிடம், திறந்து இன்னொரு 35 முதல் 45 நிமிடம். பேசில் எண்ணெய்க்கு 50 கிராம் பேசில் இலை, 150 மில்லி எண்ணெய்.

தட்டின் அடியில் தண்ணீர் தேங்குகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இது. முதலில் அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்.

சிவந்து, புளித்து இருந்தால் தக்காளிதான் காரணம். ப்ரோவான்ஸில் இதற்குச் சதைப்பற்றான, விதை குறைந்த தக்காளியாகப் பார்த்து எடுப்பார்கள். நம் சந்தையில் அதற்கு அருகில் வருவது நீள்வட்டமாகக் கெட்டியாக இருக்கும் பெங்களூர் தக்காளி. நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ராஜா; இங்கே அதன் சாறே எதிரி. வேறு வழியில்லை என்றால் வட்டமாக நறுக்கி, விதையும் கூழும் இருக்கும் பகுதியை விரலால் தள்ளிவிட்டு, துணியில் பரப்பிக் கால் மணி நேரம் வையுங்கள்.

தெளிவாக, லேசான பச்சை நிறத்தில் இருந்தால் சுக்கினி. முற்றிய, பெரிய சுக்கினியின் நடுப்பகுதி பஞ்சாக நீரைப் பிடித்து வைத்திருக்கும். 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாத இளசாகப் பொறுக்குங்கள். நறுக்கிய சுக்கினிக்கும் கத்திரிக்காய்க்கும் எடையில் ஒரு சதவீதம் உப்பு, அதாவது இந்த அளவுக்கு ஒன்றரை டீஸ்பூன், பிசறி வடிதட்டில் அரை மணி நேரம் விடுங்கள். அடியில் நிற்கிற நீரைக் கொட்டிவிட்டு, காயைத் துணியால் ஒற்றி எடுங்கள். கழுவ வேண்டாம். கழுவினால் வெளியே எடுத்ததில் ஒரு பங்கு திரும்ப உள்ளே போகும். அதற்குப் பதில், பிறகு சேர்க்கும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் நிறைய நிற்கிறது என்றால் பாத்திரத்தையும் மூடியையும் சந்தேகப்படுங்கள். ஆழமான பாத்திரத்தில் ஆவி மேலே ஏறாது. 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். கடைசிவரை மூடியே வைத்திருந்தாலும் இதே கதைதான். இரண்டாம் பாதி திறந்தே வேகவேண்டும். மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன் ஓவனில் செய்கிறவர்கள் கன்வெக்‌ஷன் முறையில் மட்டும் ஓட்டுங்கள். மைக்ரோவேவ் கலந்த முறை காயை ஆவியில் அவித்துவிடும், தண்ணீரை வற்றவிடாது.

ஏற்கெனவே வெந்துவிட்டது, விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்றால்: காயை ஒரு தட்டையான கரண்டியால் பிடித்துக்கொண்டு பாத்திரத்தைச் சாய்த்து, சாற்றைச் சிறு வாணலியில் வடித்துவிடுங்கள். பெருந்தீயில் கொதிக்கவிட்டு மூன்றில் ஒரு பங்காகச் சுண்டியதும் ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் கலந்து மேலே ஊற்றுங்கள். சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ருசியில் பாதி அதற்குள்தான் இறங்கியிருக்கும்.

ப்ரோவான்ஸ் பாட்டிமார்கள் இந்தத் தொல்லைக்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். சுக்கினி தியானில் ஒரு பிடி அரிசி சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். காய் விடுகிற நீரில் அரிசி வெந்துகொள்ளும். அழகு கொஞ்சம் குறையும், வயிறு நிறையும். எனக்கு அந்த வகைதான் அதிகம் பிடிக்கும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கத்திரிக்காய் தோல் போல இழுக்கிறது

மற்ற இரண்டும் வெண்ணெயாக வெந்திருக்க, கத்திரிக்காய் மட்டும் மெல்ல முடியாமல் இருக்கிறதா? இரண்டு காரணங்கள், இரண்டும் ஒன்றாகவே வரும்.

ஒன்று, அது வேகுமுன் காய்ந்துவிட்டது. கத்திரிக்காயின் சதை முழுக்கக் காற்றுப் பைகள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு சூட்டில் சட்டென்று உலர்ந்துவிடும். முதல் 40 நிமிடம் மூடிவைக்கச் சொல்வது இதற்காகத்தான். பட்டர் பேப்பரை நனைத்துப் பிழிந்து காயின் மேலேயே படியும்படி போட்டு, அதற்கு மேல் ஃபாயிலைப் போடுங்கள். ஃபாயில் நேரடியாகத் தக்காளியில் பட்டால் புளிப்பு அதை அரித்து ஓட்டை போடும், காயில் உலோக வாடை ஏறும்.

இரண்டு, பக்கத்தில் நிற்கும் தக்காளி. சாம்பாரில் காய் வேகுமுன் புளியைக் கரைத்து விட்டுவிட்டால் எத்தனை நேரம் கொதித்தாலும் காய் விறைத்தே நிற்கும் அல்லவா, அதே விஷயம்தான் இங்கேயும். செல்சுவரைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் புளிப்பான சூழலில் எளிதில் கரையாது. ஆகவே கத்திரிக்காய் மட்டும் ஒரு எட்டு முன்னே போகவேண்டும். உப்பில் பிசறி ஒற்றிய வட்டங்களின் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, 200 டிகிரியில் 10 நிமிடம் தனியாக வாட்டிய பிறகு அடுக்குங்கள். ஓவனை இரண்டு முறை திறக்கச் சோம்பலாக இருந்தால் தோசைக்கல்லிலேயே வாட்டலாம்.

எண்ணெயைக் கடைசியில் மேலாக ஊற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் வரும். ஊற்றிய எண்ணெய் முதல் வட்டத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும், அடுத்ததற்கு ஒன்றும் மிஞ்சாது. கையாலோ பிரஷ்ஷாலோ தடவுவது ஒன்றே வழி.

ஏற்கெனவே இழுக்கிற தட்டு முன்னால் இருந்தால், மூன்று ஸ்பூன் வெந்நீர் தெளித்து, இறுக மூடி, 160 டிகிரியில் இன்னொரு அரை மணி நேரம். பெரும்பாலும் இறங்கிவரும்.

மேலே கருகல், உள்ளே பச்சை

ஓடிஜி என்கிற சின்ன மின் ஓவன் வைத்திருப்பவர்களின் பிரச்சினை. சின்னப் பெட்டிக்குள் மேல் கம்பி காயிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கிறது. தட்டைக் கீழ்த் தளத்துக்கு இறக்குங்கள். மூடியிருக்கும் நேரம் முழுக்கக் கீழ்க் கம்பி மட்டும், கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு இரண்டும். மின்விசிறி சுழலும் ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். முன்சூடு 15 நிமிடமாவது வேண்டும்.

தைமும் பூண்டும் மட்டும் கருகியிருந்தால் அது வேறு. பூண்டை மேலே தூவாமல் வெங்காயத்தோடு அடியில் சேருங்கள். தைமைக் கிளையாகவே எண்ணெயில் தோய்த்துக் காய்களுக்கு இடையில் செருகுங்கள். தைம் கிடைக்காமல் 'எர்ப் த ப்ரோவான்ஸ்' என்ற உலர் வாசனை இலைக் கலவை வாங்கினீர்கள் என்றால், அது மேலே கிடந்தால் பத்து நிமிடத்தில் கருகும், அதையும் வெங்காயத்தில்தான் போடவேண்டும். பிரான்ஸில் அந்தக் கலவைக்கு 'லேபிள் ரூஜ்' என்ற சிவப்புத் தர முத்திரை வேண்டுமானால் ரோஸ்மேரி, ஓரிகானோ, சேவரி மூன்றும் தலா 26 சதவீதம், தைம் 19, பேசில் 3 என்று இருக்கவேண்டும். கடையில் கிடைப்பவற்றில் பல அந்தக் கணக்குக்குக் கிட்டேயே வருவதில்லை.

அடுக்கு சரிந்து குவியலாகிவிட்டது

காய் வேகும்போது சுருங்கும். அடுக்கும்போதே விரல் நுழைய இடமிருந்தால் வெந்ததும் எல்லாம் படுத்துவிடும். இனி ஒன்றுகூட நுழையாது என்ற நிலைக்குப் பிறகும் நாலைந்து வட்டங்களைச் செருகுங்கள். மூன்று காயும் ஒரே குறுக்களவில் இருப்பது முக்கியம். உருண்டைக் கத்திரிக்காயை விட்டுவிட்டு நீளக் கத்திரிக்காயை எடுங்கள். 2 மில்லிமீட்டருக்கு நறுக்கியிருந்தால் நிற்க வழியே இல்லை, பிசைந்த மாதிரிதான் ஆகும். ருசிக்கு ஒரு குறைவும் இல்லை, கரண்டியால் பரிமாறுங்கள்.

சப்பென்று இருக்கிறது

கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டீர்களா? ஓவனிலிருந்து எடுத்து இருபது நிமிடமாவது ஆறவேண்டும். ப்ரோவான்ஸில் வெயில் காலத்தில் இதை வெதுவெதுப்பாகவோ ஆறியபிறகோதான் சாப்பிடுவார்கள். ஆறியும் சப்பென்று இருந்தால் அடியில் போட்ட வெங்காயத்தைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் வதக்கியது போதாது. சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம், நிறம் மாறி இனிப்பு ஏறும்வரை வதங்கவேண்டும். இந்த உணவில் மசாலா என்று ஒன்றும் இல்லை. இருக்கிற ஒரே ஆழம் அந்த வெங்காயம்தான். மிளகாய்த்தூள் போட்டுச் சரிக்கட்டலாம், யாரும் தடுக்கப் போவதில்லை, ஆனால் பிறகு பேசில் எண்ணெய் வீண்.

சுக்கினி கிடைக்காமல் வேறு காய் போட்டீர்களானால்: பிஞ்சுச் சுரைக்காய் சரியாக வரும். சௌசௌ கடைசிவரை விறைத்து நிற்கும், பீர்க்கங்காய் குழைந்து காணாமல் போகும்.

கசக்கிறது

இந்தத் தலைப்பை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எந்தக் காய் கசக்கிறது என்று தனித்தனியாக நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள்.

கத்திரிக்காய் லேசாகக் கசந்தால் அது முற்றல், விதை கறுத்திருக்கும். ஆபத்தில்லை. பூண்டு கருகிய கசப்பு பாத்திரம் முழுக்கப் பரவியிருக்கும், அதுவும் ருசிக் கேடு மட்டுமே.

சுக்கினியோ சுரைக்காயோ கடுமையாகக் கசந்தால் முழுத் தட்டையும் குப்பையில் கொட்டுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் அழியாது. வாந்தி, கடுமையான வயிற்றுப்போக்கு வரும். 2015-ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட ஒரு முதியவர் இறந்தே போனார். கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் எச்சரித்திருக்கிறது. முந்தைய அறுவடையிலிருந்து எடுத்துவைத்த விதையில் முளைத்த சுக்கினியில் இது வர வாய்ப்பு அதிகம், வேறு பூசணி வகைகளோடு மகரந்தம் கலந்திருக்கும். நறுக்கியதும் ஒவ்வொரு காயிலும் ஒரு சின்னத் துண்டைப் பச்சையாக வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். சுக்கினி கசக்கக் கூடாத காய். ஒரு காய் கசந்தால் அதை அடுக்கவே அடுக்காதீர்கள்.

மூன்றுமில்லை, மேலே ஊற்றிய எண்ணெய்தான் கசக்கிறது என்றால் கீழே வாருங்கள்.

பேசில் எண்ணெய் பழுப்பாகிவிட்டது

பச்சை எப்போது போனது என்பதைப் பொறுத்து மூன்று வகை.

அரைக்கும்போதே மங்கியது என்றால், இலையை வெந்நீரில் போடாமல் பச்சையாக அரைத்திருக்கிறீர்கள். இலை நசுங்கியதும் அதிலுள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து அதைக் கறுக்க வைக்கும். வாழைக்காய் நறுக்கியதும் கறுப்பது இதே வேலையால்தான். கொதிக்கும் உப்பு நீரில் 10 முதல் 15 விநாடி இலையை முக்கியெடுத்தால் அந்த நொதி செத்துவிடும். எடுத்த உடனே ஐஸ் போட்ட தண்ணீரில் போடவேண்டும். குழாய்த் தண்ணீர் போதாது, நம் ஊர்க் கோடையில் அதுவே வெதுவெதுப்பாகத்தான் வரும்.

அரைத்தபோது பச்சை, பத்து நிமிடத்தில் மங்கல் என்றால் மிக்ஸியின் சூடு. தொடர்ந்து ஓடினால் ஜார் கையைச் சுடும். எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, விட்டுவிட்டு இருபது விநாடிகளாக ஓட்டுங்கள். மொத்தம் இரண்டு நிமிடம் தாண்டவேண்டாம்.

ஊற்றும்வரை பச்சை, தட்டில் விழுந்ததும் காக்கி என்றால், காயின் மேல் ஊற்றி ஓவனுக்குள் வைத்திருக்கிறீர்கள். இந்த எண்ணெய் அடுப்பைப் பார்க்கவே கூடாது. இலையின் பச்சையமான குளோரோஃபிலில் நடுவே ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுபோகும், மிஞ்சுவது பழுப்பு. தக்காளியோடு 180 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது அதைக் கழற்றுவதற்கென்றே அமைத்த ஏற்பாடு. தியான் ஆறி வெதுவெதுப்பானதும், பரிமாறுவதற்கு முந்தைய நிமிடத்தில் ஊற்றுங்கள். எலுமிச்சை பிழிய வேண்டுமானால் எண்ணெய்க் கிண்ணத்தில் பிழியாதீர்கள், காயின் மேல் பிழியுங்கள்.

எண்ணெய் கசக்கிறது, அல்லது தொண்டையில் காறுகிறது

எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் அடித்ததன் விளைவு. அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற கசப்புப் பொருட்கள் சாதாரணமாக ஊற்றும்போது அவ்வளவாகத் தெரியாது. வேகமாக அடித்து, இலையின் ஈரத்தோடு கலக்கும்போது கசப்பு வெளியே வந்துவிடும். 100 மில்லி சூரியகாந்தி எண்ணெயில் இலையை அரைத்து வடிகட்டிய பிறகு, 50 மில்லி ஆலிவ் எண்ணெயைக் கரண்டியால் கலந்தால் வாசமும் நிற்கும், கசப்பும் வராது. தண்டைச் சேர்த்து அரைத்திருந்தாலும் கசக்கும், பூத்த செடியின் முற்றிய இலையும் அப்படித்தான். கசந்த எண்ணெயைத் திருப்ப முடியாது. நாலு மடங்கு சாதா எண்ணெயில் கரைத்து, நிறத்துக்காக மட்டும் சொட்டலாம்.

எண்ணெய் கலங்கியிருக்கிறது

முக்கியெடுத்த இலையை நன்றாகப் பிழியவில்லை. துணியில் சுருட்டி, கைவலிக்கப் பிழிந்து, பிறகு உதறிவிட்டு அரைக்கவேண்டும். வடிகட்டும்போது மட்டும் பிழியாதீர்கள். மெல்லிய துணியில் தொங்கவிட்டு, அதுவாகச் சொட்டட்டும், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. கலங்கியதைக் குளிரில் இரண்டு மணி நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் கரும்பச்சையாக இறங்கும், தெளிந்ததை மேலாக இறுத்துக்கொள்ளலாம். ஆலிவ் எண்ணெய் கலந்திருந்தால் குளிரில் வெள்ளைத் திரியாக உறையும். அது கலங்கல் அல்ல, வெளியே வைத்தால் தெளிந்துவிடும்.

பேசில் வாசமே இல்லை, ஏதோ கஷாய வாடை

துளசியைப் போட்டிருப்பீர்கள். துளசி பேசிலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி, ஆனால் வேறு இனம். அதன் கிராம்பு வாடை தக்காளியோடு சேர்வதில்லை. நம் ஊரில் பேசிலின் அதே இனம் திருநீற்றுப்பச்சிலைதான். சப்ஜா விதை அந்தச் செடியில்தான் வருகிறது. ஆனால் வாசம் ப்ரோவான்ஸ் பேசிலைவிடக் காரமாக, சோம்பு கலந்தது போல இருக்கும். ஆகவே இலையைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குப் பார்ஸ்லி சேர்த்துச் செய்யுங்கள். நறுமணம் மட்டும் மெலிந்திருந்தால், வெந்நீரில் அதிக நேரம் கிடந்திருக்கும். கடைசியில் நாலு பச்சை இலையைக் கிள்ளித் தட்டில் போட்டுவிடுங்கள்.

மிச்ச எண்ணெயை எத்தனை நாள் வைக்கலாம்

வெளியே வைக்கவே கூடாது. பச்சை இலையும் பூண்டும் மண்ணிலிருந்து வருபவை, போட்யூலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அவற்றில் ஒட்டியிருக்கலாம். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. அறை வெப்பத்தில் அந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும். நிறம், மணம், ருசி ஒன்றிலும் மாற்றம் தெரியாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் ஊறவைத்த பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இப்படித்தான் நோயில் விழுந்தார்கள்.

செய்த உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், 4 நாளில் தீர்த்துவிடுங்கள். பூண்டு சேர்த்து அரைப்பதைத் தவிருங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பதுதான் வழி. மிஞ்சிய தியானை மூடி 3 நாள் வரை குளிரில் வைக்கலாம். மறுநாள் மதியம் சூடாக்காமல் ஒரு அவித்த முட்டையோடு நன்றாக இருக்கும். உறைந்த எண்ணெய்க் கட்டியைச் சாப்பிட உட்காரும் முன் பத்து நிமிடம் கிண்ணத்தில் எடுத்துவைத்தால் போதும்.